வெறும் தண்ணீரில் விட்ட புகை

1988 ஜனவரி 11, திங்கள்

காலையில் பல் விளக்கும்போது மறுபடியும் இரத்தம். பிரஷ் சிவந்துவிட்டது. சந்திரிகா பின்னால் நின்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மனைவி, பத்தாங் பெர்ஜுந்தாய் தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறவள். பேச்சும் அப்படித்தான், ஒரே குத்து.

"ஊரு எண்ணெயெல்லாம் சோதிக்கிறீங்க. சொந்தப் பல்லச் சோதிக்க மாட்டீங்களா?"

சோதித்தேன். ஈறு வீங்கியிருக்கிறது. கீழ்ப்பல் ஒன்றை நாக்கால் தள்ளினால் அசைகிற மாதிரி இருக்கிறது. முப்பத்தாறு வயதில் பல் ஆடுமா?

மில்லில் இன்று நல்ல எண்ணெய். செம்பனைக் குலைகள் அன்றன்றைக்கே வந்துவிட்டால் எண்ணெய் அப்படியொரு சிவப்பாக இருக்கும். சாம்பிள் போத்தலை லேப் ஜன்னலில் வைத்தால் வெயில் பட்டு மேசையெல்லாம் ஆரஞ்சு வெளிச்சம். பத்து மணிக்கு சேது பாய்லரிலிருந்து வந்து கண்ணைக் காட்டினான். வெளியே போய், வழக்கம்போல் சுவரில் சாய்ந்து, ஆளுக்கு ஒன்று பற்றவைத்தோம்.

ஜனவரி 19, செவ்வாய்

சேதுவின் கையில் நீராவி அடித்துவிட்டது. வால்வைத் திருப்பும்போது குழாய் மூட்டு விட்டுப் பீறிட்டிருக்கிறது. வலது முழங்கையைச் சுற்றித் தோல் உரிந்து தொங்கியது. குழாய்த் தண்ணீரில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் கத்தவில்லை. "தனா, ஒண்ணு பத்தவச்சி வாயில வையிலா" என்றான்.

வைத்தேன்.

ஜனவரி 28, வியாழன்

என் ஈறு, அவன் கை. இரண்டும் அப்படியே.

பிப்ரவரி 9, செவ்வாய்

சேதுவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கோலா சிலாங்கூர் கிளினிக்குப் போனேன். ஆற்றோரப் பாதை முழுவதும் குழி. ஒவ்வொரு குழிக்கும் பின்னாலிருந்து ஒரு கெட்ட வார்த்தை.

புதிதாக ஒரு டாக்டர் வந்திருக்கிறார். லீலாவதி என்று பெயர். தைப்பிங் பக்கமாம். கட்டைப் பிரித்துப் பார்த்தவர் நெற்றியைச் சுருக்கினார். பாதிப் புண் மூடவே இல்லை. மூடிய இடமும் கண்ணாடித்தாள் மாதிரி மெலிசாக இருக்கிறது. சர்க்கரை இருக்கிறதா என்று இரத்தம் பார்த்தார்கள். இல்லை.

"ரெண்டு பேரும் சிகரெட் பிடிப்பீங்களா?"

"கொஞ்சம்தான் டாக்டர்" என்றான் சேது.

"கொஞ்சம்னா?"

சேது மின்விசிறியைப் பார்த்தான்.

அதற்கப்புறம் அவர் சொன்னதை வரும் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். புண் ஆற உடம்பு புதுத் தோல் நெய்ய வேண்டும். நெய்வதற்கு வைட்டமின் சி வேண்டும். சிகரெட் பிடிக்கிறவர் உடம்பில் அது சீக்கிரம் தீர்ந்துபோகிறது. பிடிக்காதவரும் பிடிக்கிறவரும் ஒரே தட்டில் ஒரே சோற்றைச் சாப்பிட்டாலும் பிடிக்கிறவர் இரத்தத்தில் குறைவாகத்தான் இருக்குமாம். மற்றவர்களுக்கு வேண்டியதைவிடப் பாதியளவாவது கூடுதலாக வேண்டும் என்று இப்போது ஆராய்ச்சியில் சொல்கிறார்களாம்.

நானும் வாயைத் திறந்து காட்டினேன். "ஈறுக்கும் அது ஒரு காரணமா இருக்கலாம். பல் டாக்டரையும் பாருங்க" என்றார்.

"தீர்ந்துபோவுதுன்னா, எங்க போவுது டாக்டர்?"

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை போல.

"புகை உள்ள போனா ஆக்சிடேஷன் நடக்கும். வைட்டமின் முன்னால போய் நின்னு தன்னக் குடுத்திடும். மத்தது தப்பிக்கும்."

மார்ச்சில் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டப் போகிறார்கள். அதற்குள் சிகரெட்டை அறவே விட வேண்டும் என்று சேதுவிடம் இரண்டு முறை சொன்னார். இப்படியே விட்டால் தோல் சுருங்கி முழங்கை மடங்கினபடி நின்றுவிடுமாம். நீளாத கையை வைத்துக்கொண்டு பாய்லர் பார்க்க முடியாது. வாசல் கூட்டுகிற வேலை தரலாம் என்று மில் ஆபீஸ் கிராணி இப்போதே பேச ஆரம்பித்துவிட்டாராம்.

பிப்ரவரி 10, புதன்

ஆக்சிடேஷன்! இந்தச் சொல்லை நான் தினமும் எழுதுகிறேன். எண்ணெயைச் சூட்டில் போட்டு வைத்தாலோ காற்றுப்பட விட்டாலோ நடப்பது அதுதானே. எண்ணெயின் சிவப்பு கரோட்டின். அதற்குள் வைட்டமின் ஈயும் இருக்கிறது. எண்ணெய் கெடக் கெட இவை இரண்டும் குறைந்துகொண்டே வரும். பழைய தொட்டி எண்ணெய் வெளிறிக் கிடக்கும். மூக்கில் வைத்தாலே தெரியும்.

அப்படியானால் நானும் ஒரு தொட்டியா? ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் உள்ளே எது வெளிறுகிறது?

பத்தாண்டுக்கு மேலாக எண்ணெயைப் பார்த்துக் கவலைப்பட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 19, வெள்ளி

சீனப் பெருநாளின் மூன்றாம் நாள். மில் மூடியிருக்கிறது. சாமான் கடை நடத்துகிற சீனத் தவுக்கே பெட்டி பெட்டியாக ஆரஞ்சு அனுப்பியிருக்கிறார். சேது வீட்டுக்கு ஒரு பெட்டி கொண்டுபோனேன். நல்லம்மாள் கணவனுக்கு உரித்து ஊட்டிக்கொண்டிருந்தாள். அவனுக்கு இடது கை நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் கையில் சிகரெட்.

பிப்ரவரி 22, திங்கள்

செய்து பார்த்துவிட்டேன்!

மதியம் லேப்பில் யாரும் இல்லை. முதலுதவிப் பெட்டியிலிருந்து கொஞ்சம் அயோடின். எங்களிடம் எப்போதும் இருக்கிற ஸ்டார்ச் கஞ்சிக் கரைசலில் அதை விட்டால் கருநீலம். அதில் ஆரஞ்சுச் சாறு சொட்டுச் சொட்டாக விட்டேன். வைட்டமின் சி அயோடினைப் பிடித்துக்கொள்ளும்போது நீலம் போய்விடும். பள்ளிக்கூடத்தில் படித்தது. போய்விட்டது. அவ்வளவு சுத்தமாக.

அதற்கப்புறம் ஒரு போத்தலில் அதே சாற்றை ஊற்றி, மூடியில் இரண்டு குழாய் செருகி, ஒன்றில் சிகரெட்டையும் இன்னொன்றில் பம்பையும் மாட்டினேன். பம்ப் சிகரெட் பிடித்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். புகை குமிழ் குமிழாகச் சாற்றுக்குள் ஏறியது. ஒன்று முடிந்ததும் இன்னொன்று. என் பாக்கெட்டுதான்.

அந்தச் சாற்றைச் சொட்டினேன். நீலம் லேசில் போகவில்லை. கூடுதலாக விட வேண்டியிருந்தது. அப்படியென்றால் சாற்றிலிருந்த வைட்டமினில் ஒரு பங்கைப் புகை தின்றுவிட்டது. டாக்டர் சொன்னது கண்ணெதிரே! ஆனால் முழுதும் போகவில்லை. மிச்சம் இருக்கிறது. அதில் புதுச் சாறு கொஞ்சம் சேர்த்ததும் பழையபடி வேலை செய்கிறது.

போனதை நிரப்பலாம். அதுதான் விஷயம்.

வேலை முடிந்து நேராக சேதுவிடம் போய்ச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டான்.

"அப்ப பழம் தின்னுட்டு ஊதலாங்கிற."

"கணக்குப்படி பாத்தா..."

"கணக்க வுடு. ஊதலாமா கூடாதா? நீ லேப்காரன், நீ சொல்லு."

"நெறைய சாப்பிடணும்" என்றேன்.

அவன் முகத்தில் இத்தனை வாரத்தில் இல்லாத சிரிப்பு. அதைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 6, ஞாயிறு

கொய்யா, ஆரஞ்சு, எலுமிச்சை, மருந்துக் கடையில் புளிப்பு மாத்திரை. எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் இருக்கிற கொய்யா மரத்தில் இப்போது காய்கூட இல்லை. சந்திரிகா குப்பைக் கூடையைக் காட்டி, "நான் கட்டிக்கிட்டது மனுஷனையா, வௌவாலையா?" என்றாள்.

சிரிக்கட்டும். பிரஷில் இன்று இரத்தம் இல்லை. நேற்றும் இல்லை. ஒரு சிகரெட்கூடக் குறைக்காமல்! சேதுவிடம் ஈறைக் காட்டினேன். அவன் எனக்குக் கையைக் காட்டினான். ஓரத்தில் கொஞ்சம் நல்ல சிவப்பு ஏறியிருந்தது. அல்லது அப்படித் தெரிந்தது.

சந்திரிகா மட்டும் கேட்டாள்: "டாக்டரம்மா பழம் சாப்பிடுன்னு மட்டுமா சொன்னாங்க? சிகரெட்ட வுடுன்னும் சொன்னாங்கல்ல?"

வெளியே போய்ப் பற்றவைத்தேன்.

மார்ச் 15, செவ்வாய்

சேதுவுக்குத் தோல் ஒட்டியாகிவிட்டது. நன்றாக நடந்தது என்று நல்லம்மாள் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

மார்ச் 19, சனி

பஸ் மாறி ஆஸ்பத்திரி போய்ச் சேர மதியமாகிவிட்டது. பையில் மேலே கொய்யா, அடியில் ஒரு பாக்கெட். தாதி பையைப் பார்த்து, பழம் என்றதும் சிரித்து உள்ளே விட்டாள்.

மாடிப்படி ஓரம் போனோம். சேது ஒரு கொய்யாவைக் கடித்து மென்று விழுங்கினான். "மருந்து சாப்ட்டாச்சு" என்று சொல்லிவிட்டு வாயை நீட்டினான். நான்தான் பற்றவைத்தேன்.

மார்ச் 23, புதன்

ஒட்டிய தோல் செத்துவிட்டது.

மார்ச் 25, வெள்ளி

கறுத்துப்போய் ஓரத்தில் பிரிந்திருக்கிறது. இவ்வளவு பெரிய துண்டு. வெட்டி எடுத்துவிட்டார்கள். சேது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். நான் வந்தது தெரியும். திரும்பவில்லை.

வராந்தாவில் நல்லம்மாள். குரல் உயர்த்தாத பெண். இன்றும் உயர்த்தவில்லை.

"வேணாம் வேணாம்னு எத்தன வாட்டி சொன்னேன்ணே. தனா சோதிச்சிப் பாத்துட்டான், தனா சோதிச்சிப் பாத்துட்டான்னே சொன்னாரு. நீங்க சொன்னீங்கன்னுதானே ஊதுனாரு?"

நான் அப்படிச் சொல்லவில்லை என்று வாயெடுத்தேன். சொன்னேனே. சொல்லாமல் என்ன? நெறைய சாப்பிடணும்னு சொன்னது வேற என்னவாம்? அதுக்கு அர்த்தம் ஊதுன்னுதானே! பாக்கெட்ட வாங்கிட்டுப் போனது யாரு? பத்தவச்சது யாரு?

பஸ்ஸில் வரும்போது சட்டைப் பையில் கை போனது. அப்போதும் போகிறது, பார்.

மார்ச் 29, செவ்வாய்

லீவு போட்டுத் தனியாக டாக்டரிடம் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எல்லாவற்றையும் சொல்லச் சொல்லி, குறுக்கே பேசாமல் கேட்டார்.

"வைட்டமின் குறையுதுன்னு நான் சொன்னது உண்மை. பழம் சாப்பிட்டா ஓரளவு ஏறும், அதுவும் உண்மை. உங்க ஈறு அதுக்குத்தான் தேறியிருக்கும். ஆனா புகை அந்த ஒரு வேலைய மட்டுமா செய்யுது?"

ஒரு தாளைத் திருப்பிப் போட்டு நரம்பு மாதிரி கோடு கிழித்தார். சிகரெட் பிடித்ததும் சிறிய இரத்தக் குழாய்கள் இறுகிவிடும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். புதிதாக ஒட்டிய தோலுக்கு முதல் சில நாள் சொந்தமாகக் குழாயே கிடையாது. கீழேயிருந்து கசிந்து வருவதை வைத்துத்தான் உயிர் பிழைக்கும். அந்த நேரத்தில் அதுவும் வராவிட்டால்?

"நெய்ய நூல் குடுத்தீங்க. நெய்றவனுக்கு மூச்ச அடைச்சிட்டீங்க" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

வைட்டமின்களும் ஒன்று மட்டுமல்லவாம். சி தண்ணீர்ப் பக்கம் நிற்கும், ஈ கொழுப்புப் பக்கம் நிற்கும். ஈ தன்னைக் கொடுத்துவிட்டு நிற்கும்போது சி அதை மறுபடி எழுப்பிவிடும் என்று ஆராய்ச்சியில் பார்த்திருக்கிறார்கள். சி குறைந்தால் ஈக்கும் கைகொடுக்க ஆளில்லை. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு போட்டால் புகைக்கு ஈடாகும்?

"எனக்குத் தெரியாது. யாருக்கும் சரியாத் தெரியாது. அதனாலதான் புகைய நிறுத்தச் சொல்றோம்."

எழுந்தபோது என் சோதனையைப் பற்றி விவரம் கேட்டார். உண்மையான ஆர்வத்தோடுதான் கேட்டார். போத்தல், குழாய், பம்ப், எல்லாம் சொன்னேன். கன்னத்தில் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தவர், "பழச்சாறு இல்லாம, வெறும் தண்ணியில புகைய வுட்டுப் பாத்தீங்களா?" என்றார்.

எனக்குக் காது சுட்டது.

எந்தச் சோதனைக்கும், சோதிக்கிற பொருள் இல்லாத வெறும் சோதனை ஒன்று பக்கத்தில் வைக்காமல் நான் கையெழுத்துப் போட்டதே இல்லை. இதற்கு மட்டும் ஏன் வைக்கவில்லை?

மார்ச் 30, புதன்

வைத்தேன். வெறும் தண்ணீரில் புகை. அந்தத் தண்ணீரை நீலத்தில் விட்டேன்.

நீலம் வெளுத்தது. முழுதாக இல்லை, ஆனால் வெளுத்தது. மறுபடி செய்தேன். மறுபடியும்.

புகையில் இருக்கிற ஏதோ ஒன்று தானே அயோடினைப் பிடிக்கிறது. அன்றைக்கு மிச்சம் இருக்கிறது என்று துள்ளினேனே, அந்த மிச்சத்தில் எவ்வளவு வைட்டமின், எவ்வளவு புகை? தெரியாது. புகை வைட்டமின் வேஷம் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறது. நானும் சலாம் போட்டிருக்கிறேன்.

ஏன் வைக்கவில்லை என்று நேற்றுக் கேட்டுக்கொண்டதற்குப் பதில் தெரியும். எனக்கு வேண்டிய விடை வந்துவிட்டது. அதற்கு மேல் சோதிக்க மனம் வரவில்லை.

ஏப்ரல் 3, ஞாயிறு

சேது வீட்டுக்கு வந்துவிட்டான். கை மடித்துக் கட்டியிருக்கிறது. ஜூனில் இன்னொரு முறை ஒட்டிப் பார்ப்பார்களாம். அதுவும் பிடிக்காவிட்டால் அவ்வளவுதான், கை நீளாது.

எல்லாவற்றையும் சொன்னேன். வெறும் தண்ணீர்ச் சோதனையையும். நல்லம்மாள் கதவருகே நின்று கேட்டாள். சேது கட்டுப்போட்ட கையைத் தடவிக்கொண்டிருந்தான். அவனிடம் அடி வாங்கியிருந்தால்கூட இவ்வளவு சிரமமாக இருந்திருக்காது.

"நீ சொல்லலன்னாலும் ஊதியிருப்பேன்லா" என்றான் கடைசியில். "ஆனா திருடிக்கிட்டு ஊதியிருப்பேன். பயந்துக்கிட்டு ரெண்டு கொறைச்சி ஊதியிருப்பேன். நீ சொன்னதால நிம்மதியா ஊதுனேன்."

"தப்புதான் சேது."

"தப்புதான்." அப்புறம், "நான் வுட்டுர்றேன். ஆனா நீயும் வுடணும். நான் இங்க பல்லக் கடிச்சிட்டு ஒக்காந்திருக்க, நீ லேப் செவுத்துல சாஞ்சிக்கிட்டு ஊதுனா, சத்தியமா ஒன்னக் கொன்னுடுவேன்."

சரி என்றேன். உடனே சொன்னேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

ஏப்ரல் 5, செவ்வாய்

குழம்பில் உப்பில்லை என்று சந்திரிகாவிடம் எரிந்து விழுந்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 8, வெள்ளி

தலைவலி. கை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. பைக்குள் வைத்தால் தேடுகிறது.

ஏப்ரல் 14, வியாழன்

இருமல் கூடியிருக்கிறது. விட்ட பிறகு ஏன் கூட வேண்டும்? சேதுவுக்கும் அப்படித்தான். இருவரும் அவன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு கொய்யாவைக் கடித்துக்கொண்டு இருமினோம். நல்லம்மாள் உள்ளேயிருந்து சிரித்தாள். என் எதிரில் அவள் சிரித்து எவ்வளவு காலமாயிற்று.

பழத்தை நிறுத்தவில்லை. அதன் மேல் எந்தக் குற்றமும் இல்லையே. அதால் முடியாத வேலைக்கு அதைக் காவல் போட்டது நான்.

மே 4, புதன்

ஊதிவிட்டேன்.

மேனேஜர் எல்லார் முன்னாலும் கத்தினார். டேங்க் எண்ணெயில் தண்ணீர் கலந்ததற்கு நான் என்ன செய்வேன்? செம்பனைப் பருப்பு வைக்கிற கெர்னல் கொட்டகைக்குப் பின்னால் போய் லோரி டிரைவர் உடையப்பனிடம் ஒன்று வாங்கி, பாதி வரை இழுத்தேன். தலை சுற்றியது. ருசியே இல்லை. தார் நக்கின மாதிரி. இதையா இத்தனை வருஷம்?

மறைக்கத்தான் நினைத்தேன். ஆனால் சாயங்காலம் சேதுவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவன் என்னைக் கொல்லவில்லை. உள்ளே போனான். வரும்போது முதுகுக்குப் பின்னால் இருந்த இடது கையை நீட்டினான். அதில் கசங்கிப்போன ஒரு சிகரெட். பற்றவைக்காதது.

"ஏப்ரல்லேந்து வச்சிருக்கேன். தெனமும் மோந்து பாப்பேன். இன்னிக்கு ஒண்ணா சாக்கடையில போடுவோம், வா."

போட்டோம். மிதந்துகொண்டே போயிற்று, சனியன். குச்சியால் குத்தி முழுக்கினான்.

மே 18, புதன்

டாக்டரைப் பார்த்தேன். விட்ட பிறகு இரத்தத்தில் வைட்டமின் எப்போது மற்றவர்கள் அளவுக்கு ஏறும் என்று கேட்டேன். புகை தின்பது நின்றால் ஏற ஆரம்பித்துவிடும், ஆளுக்கு ஆள், சாப்பாட்டுக்குச் சாப்பாடு மாறும் என்றார். என் இரத்தத்தைச் சோதிக்க முடியுமா? இங்கே அந்த வசதி இல்லையாம். "நீங்க லேப்ல முயற்சி பண்ணிடாதீங்க" என்று சிரித்தார்.

பண்ண மாட்டேன். ஆனால் யோசிக்காமல் இருக்க முடியவில்லை. எத்தனை வருஷம் என்னென்ன தன்னைக் கொடுத்து என்னைக் காத்ததோ. ஒன்றின் பெயர்கூடத் தெரியாமல் இருந்தேன்.

ஜூன் 14, செவ்வாய்

இரண்டாவது ஒட்டு. காலையிலேயே உள்ளே கொண்டுபோனார்கள். நானும் நல்லம்மாளும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். பையில் பழம் மட்டும். தாதி கேட்காமலே திறந்து அடிவரை காட்டினேன். அவள் ஒன்றும் புரியாமல் பார்த்தாள்.

ஜூன் 17, வெள்ளி

இன்னும் கட்டைப் பிரிக்கவில்லை.

ஜூன் 20, திங்கள்

பிரித்தார்கள். பக்கத்தில் நிற்க விட்டார்கள். சர்ஜன் விரலால் மெதுவாக அமுக்கினார். வெளுத்தது. விரலை எடுத்தார். சிவந்தது.

மறுபடி அமுக்கினார். வெளுத்தது, சிவந்தது.

சேது என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். "என்னடா, நெறம் சரியா இருக்கா? நீதானே நெறம் பாக்குற ஆளு" என்றான்.

ஜூலை 10, ஞாயிறு

கையை நீட்டி மடக்கப் பயிற்சி. வலியில் பல்லை நறநறவென்று கடிக்கிறான். நல்லம்மாள் ஒரு பக்கம் பிடிக்க நான் இன்னொரு பக்கம் பிடிக்கிறேன். கை இன்று நேற்றைவிட ஒரு விரற்கடை கூடுதலாக நீண்டது. எனக்கு மீன் குழம்பு கொடுத்தனுப்பினாள். "அண்ணனுக்குப் புளி கொஞ்சம் தூக்கலா வச்சிருக்கேன்னு சொல்லு" என்று சந்திரிகாவிடம் சொன்னாளாம்.

ஆகஸ்ட் 8, திங்கள்

மில்லின் காலைச் சங்குக்கு முன்பே விழித்துவிட்டேன். சந்திரிகா தபால் நிலையத்துக்குக் கிளம்பித் தலை சீவிக்கொண்டிருந்தாள்.

பாய்லர் வீட்டில் சங்குக் கயிறு உயரத்தில் தொங்கும். கையை முழுதாகத் தலைக்கு மேல் நீட்டிப் பிடித்து இழுத்தால்தான் வேலை செய்யும். இத்தனை மாதமாகச் சேது இடத்தில் இழுத்தவர் சட்டென்று இழுத்து விட்டுவிடுவார், கடமைக்கு.

இன்று நீளமாக ஊதியது. நீளமென்றால் அப்படியொரு நீளம். லயத்து நாய்கள் எல்லாம் ஊளையிட ஆரம்பித்துவிட்டன. மேனேஜர் பங்களாவில் ஜன்னல் திறந்தது.

"சேது அண்ணன்தான் ஊதுறாரு" என்றாள் சந்திரிகா, சீப்பை வாயில் கவ்வியபடி.

வாசலில் நின்று அது ஓயும்வரை கேட்டேன்.